சர்வர் வேலை செய்யவில்லை என்றால் என்ன பொருள்?

(செம்மநத்தத்தில் நடைபெற்ற ஊராட்சியினர், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில், களத்து வேலையையும் விட்டு இத்தனை பேர் இங்கே வந்து அமர்ந்திருப்பது கண்டு மகிழ்ச்சியடைகிறோம். இத்தகைய கூட்டங்களில் சாலை, குடிநீர், மிளகுக் கொடி நோய் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று வழக்கத்துக்கு மாறாக ஒரு யந்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் முன்பு பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில் முதியவர் ஒருவர் பயிர்க் கடனுக்காகப் பட்டா நகல் கேட்டு வந்தார். இரண்டு பேருந்து மாறி வந்தவருக்கு, “சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்” என்று பதில் கிடைத்தது. மறுநாளும் அதே பதில். மூன்றாம் நாளும் அதே பதில். மூன்று நாள் கூலி போயிற்று; பேருந்துச் செலவும் போயிற்று. நான்காம் நாள் எங்களிடம் வந்து முறையிட்டார். நாங்கள் சென்று பார்த்தோம். தொலைவிலிருந்த சர்வர் ஒரு நாளும் நிற்கவில்லை. அந்தக் கட்டடத்தின் மூலையிலிருந்த இணைப்புப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தேநீர் கெட்டிலைச் செருகியிருந்தார்கள்! பிளக்கை மீண்டும் செருகினோம். கால் மணி நேரத்தில் பட்டா நகல் கையில் வந்தது.

அந்தப் பெரியவரை யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. பதில் சொன்னவருக்கும் சர்வர் என்றால் என்ன என்பது தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. தெரியாத ஒரு சொல் நடுவில் நின்று இருவரையும் தடுத்துவிட்டது. இனி அவ்வாறு நேரக்கூடாது என்பதற்காகவே இன்று சில சொற்களை உங்கள் முன் வைக்கிறோம்.

சர்வர் என்பது யாது?

சர்வர் என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1964ஆம் ஆண்டு நாகேஷ் நடித்து வெளிவந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தைப் பார்த்தவர்கள் இக்கூட்டத்திலும் இருக்கக்கூடும். உணவு விடுதியில் பல மேசைகளிலிருந்து பலர் பல பண்டங்களைக் கேட்கிறார்கள். சர்வர் என்பவர் கேட்டதைச் சமையற்கட்டிலிருந்து கொண்டுவந்து கேட்டவர் முன் வைக்கிறார். கணினி உலகிலும் சர்வரின் வேலை இதுவேதான். உங்கள் கைப்பேசியோ, சேவை மையத்துக் கணினியோ ‘இன்ன சர்வே எண்ணின் பட்டாவைத் தருக’ என்று கேட்கிறது. வேறோர் இடத்திலுள்ள பெரிய கணினி அதைத் தேடியெடுத்து அனுப்புகிறது. அந்தப் பெரிய கணினியே சர்வர். தமிழில் சேவையகம் என்பர்.

மேசைக் கணினிக்கும் சர்வருக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. ஆனால் மேசைக் கணினி ஒருவருக்கு, அவர் விரும்பும் வேளையில் உழைப்பது. சர்வரோ ஆயிரக்கணக்கானோருக்கு, இரவு பகல் ஓயாமல் உழைப்பது. ஆகவே அதனுள் இருக்கும் உறுப்புகள் பலவும், ‘ஒன்று கெட்டால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு விடையாகவே அமைந்துள்ளன. இந்த ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றச் சொற்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

இத்தகைய சர்வர்களைப் பல வரிசைகளாக அடுக்கி வைத்துக் காக்கும் கட்டடத்துக்குத் தரவு மையம் என்று பெயர். நம் மாநில அரசின் தரவு மையம் சென்னைப் பெருங்குடியில் இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் டெல்லி, புணே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய இடங்களில் தேசியத் தரவு மையங்களை நடத்துகிறது.

பல்பர், களம், கிடங்கு

சேர்வராயன் மலைக்காரர்களுக்குச் சர்வரின் உள்ளுறுப்புகளை விளக்கக் காப்பித் தோட்டத்தைவிடச் சிறந்த உவமை இல்லை. பழத்தை உரிக்கப் பல்பர் இருக்கிறது. உரித்த கொட்டையைப் பரப்பிக் காயவைக்கக் களம் இருக்கிறது. காய்ந்ததை மூட்டை கட்டிச் சேமிக்கக் கிடங்கு இருக்கிறது. சர்வரிலும் இம்மூன்றும் உண்டு.

பல்பரின் இடத்தில் இருப்பது பிராசசர். செயலி என்றும் சொல்வர். கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் முதலிய வேலைகளைச் செய்வது இதுவே. ஒரு பிராசசருக்குள் பல ‘கோர்’கள் இருக்கும். ஒரே கொட்டகையில் பல பல்பர்கள் ஒரே வேளையில் சுழல்வது போல், ஒவ்வொரு கோரும் ஒவ்வொரு வேலையைக் கவனிக்கும். பலருடைய கோரிக்கைகளை ஒருங்கே ஏற்கவேண்டியிருப்பதால் சர்வர்களில் பல பத்துக் கோர்கள் இருப்பது உண்டு.

களத்தின் இடத்தில் இருப்பது ராம் என்னும் நினைவகம். வேலை நடக்கும்போது தேவைப்படும் விவரங்களை எல்லாம் இதில் பரப்பி வைத்துக்கொள்கிறது யந்திரம். களம் அகலமாக இருந்தால் வேலை விரைவாகும், குறுகினால் தாமதமாகும். ஆனால் களத்துக்கு ஒரு குறை உண்டு. திடீரென்று மழை வந்தால் களத்திலுள்ளது நனைந்துவிடும். அதுபோலவே, மின்சாரம் நின்றால் ராமில் உள்ளது அத்தனையும் அக்கணமே அழிந்துவிடும்.

சர்வர்களில் உபயோகிக்கும் ராமுக்கு மற்றொரு சிறப்பு உண்டு. இ.சி.சி. என்று அதன்மேல் குறித்திருக்கும். பிழை திருத்தும் நினைவகம் என்பது பொருள். மூட்டையின்மேல் எடையை எழுதிவைத்தால், வழியில் குறைந்ததா என்று பின்னர் சரிபார்க்கலாமன்றோ? அதுபோல ஒவ்வொரு 64 குறிகளுக்கும் 8 சரிபார்ப்புக் குறிகளைச் சேர்த்துவைத்து, ஒரு குறி மாறிப்போனால் யந்திரம் தானே கண்டு திருத்திக்கொள்கிறது. ஏக்கர் கணக்கில் ஓர் எண் மாறினாலும் நிலம் மாறிவிடும். ஆகவே இந்தக் காவல் அவசியம்.

கிடங்கின் இடத்தில் இருப்பது வன்தட்டு என்னும் ஹார்ட் டிஸ்க். மின்சாரம் நின்றாலும் இதில் உள்ளது அழியாது. ஒரு வகையில், உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று என்ற வேகத்தில் சுழலும். எஸ்.எஸ்.டி. என்னும் மற்றொரு வகையில் சுழலும் பகுதியே இல்லை. ஆதலின் அது விரைவானது, அதிர்ச்சியையும் தாங்கும்.

கிடங்கின் கொள்ளளவைப் பைட் என்ற அளவால் கூறுவர். ஆயிரம் பைட் ஒரு கிலோபைட். ஆயிரம் கிலோபைட் ஒரு மெகாபைட். ஆயிரம் மெகாபைட் ஒரு ஜிகாபைட். ஆயிரம் ஜிகாபைட் ஒரு டெராபைட். தமிழில் ‘அ’ என்ற எழுத்தை இக்காலக் குறியீட்டு முறையில் பதிய 3 பைட் வேண்டும். எழுத்தும் குறியுமாக ஆயிரம் கொண்ட ஒரு பக்கத்துக்கு 3,000 பைட் என்று கொண்டால், ஒரு டெராபைட் வன்தட்டில் 33 கோடிப் பக்கங்களை அடக்கலாம்! கையகலத் தட்டில் இத்தனை கோடிப் பக்கங்கள் இருக்குமாயின், அந்தத் தட்டு கெட்டால் நேரும் நட்டம் எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

விதையை எங்கே வைப்பது?

அந்த நட்டத்துக்கு மாற்றாக வந்ததே ‘ரெய்டு’ என்னும் ஏற்பாடு. போலீஸ் ரெய்டு அன்று. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர் மூவர் 1988ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய முறை. இதில் பல வகைகள் உண்டு. எளிய வகையில், ஒரு வன்தட்டில் எழுதுவதையே மற்றொன்றிலும் உடனுக்குடன் எழுதுவார்கள். ஒரு தட்டு கெட்டாலும் மற்றது வேலை செய்யும். கெட்ட தட்டை, யந்திரத்தை நிறுத்தாமலே உருவி எடுத்து, புதியதைச் செருகலாம். இதை ‘ஹாட் ஸ்வாப்’ என்பர். ஓடும் யந்திரத்திலேயே உறுப்பை மாற்றுதல் என்பது இதன் பொருள்.

ஆனால் ரெய்டு இருந்தால் போதும் என்று எண்ணுவது பெரும் பிழை. சாமை விதையை இரண்டு குதிர்களில் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். ஒரு குதிரில் வண்டு விழுந்தால் மற்றது பிழைக்கும். வீடே தீப்பற்றினால்? இரண்டு குதிரும் சேர்ந்தல்லவா எரியும்! மேலும், தவறுதலாக ஒரு பெயரை அழித்துவிட்டால், ரெய்டு அந்த அழிவையும் இரண்டு தட்டுகளிலும் ஒழுங்காகச் செய்து முடித்துவிடும். ஆகவே விதையில் ஒரு பங்கை வேறு ஊரில் உறவினர் வீட்டில் வைப்பது போல, விவரங்களின் நகலை வேறோர் இடத்தில் வைக்கவேண்டும். இதற்கு ‘பேக்கப்’ என்று பெயர். காப்பு நகல் எனலாம். இதே எண்ணத்தால்தான் பெருங்குடி மையத்துக்குத் துணையாகத் திருச்சிராப்பள்ளியில் பேரிடர் மீட்பு மையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. சென்னையை வெள்ளம் சூழ்ந்தாலும் திருச்சியில் உள்ளது காக்கும்.

1980ஆம் ஆண்டுவரை கிராமக் கணக்கு கர்ணத்தின் பொறுப்பில் இருந்தது. கணக்குக் கட்டைக் கரையான் அரித்தால் ஒரு கிராமத்தின் நினைவே அழிந்தது போலாகும். அக்காலத்தைக் குறைகூறவேண்டாம், எங்கள் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். முன்பு நாங்கள் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் பயனாளிகள் பட்டியலை ஒரே கணினியில் வைத்திருந்தோம். அதன் வன்தட்டு ஒரு நாள் கெட்டுப்போயிற்று. மீண்டும் வீடுவீடாகச் சென்று விவரம் கேட்க இரண்டு வாரம் பிடித்தது. ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால் இரண்டு நாழிகை வேலை!

மின்சாரமும் வெப்பமும்

மழை வருமுன் களத்துக் கொட்டையை அள்ளிவிட நேரம் வேண்டும் அல்லவா? அந்த நேரத்தை வாங்கித் தருவது யு.பி.எஸ்., தடையில்லா மின்வழங்கி. அதனுள் பேட்டரி இருக்கும். மின்சாரம் நின்ற கணத்தில் அது வேலையை ஏற்றுக்கொள்ளும். பெரிய மையங்களில் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை அது தாங்கும். சிறிய அலுவலகங்களில் செய்த வேலையைச் சேமித்து யந்திரத்தை முறைப்படி நிறுத்த அவகாசம் தரும். ஆகவே அந்தப் பேட்டரியில் மின்விசிறியையும் ஒலிபெருக்கியையும் மாட்டுவது, களத்து மூட்டையை அள்ள வந்த ஆட்களை வேறு வேலைக்கு அனுப்புவதை ஒக்கும். சர்வர்களில் மின்சாரத்தை உள்வாங்கும் ‘பவர் சப்ளை’ என்னும் உறுப்பும் இரண்டாக இருக்கும். ஒன்று கெட்டால் மற்றொன்று சுமக்கும்.

யந்திரம் உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிவருகிறது. அந்த வெப்பத்தைத் தள்ளிவிட விசிறிகளும், அறைக்குக் குளிரூட்டும் சாதனங்களும் வேண்டும். சர்வர் அறையில் 18 முதல் 27 பாகை வெப்பமே நன்று என்பது பொறியாளர் பரிந்துரை. நம் மலையில் குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் மூடுபனியின் ஈரமும் இடி மின்னலும் உண்டு. ஈரம் இணைப்புகளை அரிக்கும். மின்னல் ஒரே கணத்தில் எல்லாவற்றையும் எரித்துவிடும். ஆகவே ‘எர்த்’ என்னும் நில இணைப்பு சரியாக இருக்கவேண்டும்.

சர்வர்களையும் துணைச் சாதனங்களையும் அடுக்கி வைக்கும் இரும்புச் சட்டத்துக்கு ‘ராக்’ என்று பெயர். உலகெங்கும் அதன் அகலம் 19 அங்குலம் என்றே வைத்திருக்கிறார்கள். உயரத்தை ‘யூ’ என்ற அளவால் கூறுவர். ஒரு யூ ஒன்றே முக்கால் அங்குலம். ‘2 யூ சர்வர்’ என்று விலைப்பட்டியலில் கண்டால் மூன்றரை அங்குல உயரமுள்ளது என்று அறிக. பெரிய மையங்களில் 42 யூ உயர ராக்குகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும்.

நம் ஊர் வரை வரும் ஒளி

பெருங்குடிக்கும் செம்மநத்தத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு 2011ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தது. பின்னர் அதற்கே பாரத்நெட் என்ற பெயர் வந்தது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளையும் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்றது. ஊராட்சிக்கு நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் என்பது இலக்கு. ஜிகாபிட் வேறு, ஜிகாபைட் வேறு என்பதை நினைவில் வைக்கவேண்டும். 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட்.

முடியைப் போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. இங்கிருந்து சென்னைவரையுள்ள சுமார் 350 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் ஆயிரத்தில் இரு பங்கே போதும். அவ்வளவு விரைந்து வந்த ஒளியை நம் கட்டடத்தில் ஏற்பது ஒரு சிறிய ராக். அதனுள் ரூட்டரும் யு.பி.எஸ்ஸும் இருக்கும். தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பது போல, எந்தச் செய்தி எந்த வழியில் செல்லவேண்டும் என்று பிரித்தனுப்புவது ரூட்டர். ஒரே கட்டடத்துக்குள் பல கணினிகளுக்குப் பகிர்ந்தளிப்பது ‘ஸ்விட்ச்’. இது விளக்கைப் போடும் சுவிட்ச் அன்று.

பெரிய மையத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வைத்துக் காக்கிறார்கள்; நம் ஊராட்சியிலோ ராக் ஒன்றே, பேட்டரி ஒன்றே. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியைப் பொறுத்தது என்பது யாவரும் அறிந்தது. அந்த மெலிந்த கண்ணி நம் பொறுப்பில் இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவுக்கான இ-கிராம் ஸ்வராஜ் தளம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு 2023 ஜனவரி 1 முதல் கைப்பேசிச் செயலி வழியே கட்டாயமாக்கப்பட்டது. இணைப்பு அறுந்தால் உழைத்தவரின் கூலியே தாமதமாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நாம் செய்யவேண்டுவன

ராக் இருக்கும் அறையில் மிளகு மூட்டையோ, காப்பி மூட்டையோ அடுக்கவேண்டாம். தூசி விசிறியை அடைக்கும். மூட்டையைத் தேடி வரும் எலி கம்பியைக் கடிக்கும். யு.பி.எஸ். பேட்டரியைத் திருவிழா மைக்குக்கோ, டார்ச்சுக்கோ இரவல் தரவேண்டாம். ஆயுத பூஜையன்று பெட்டிக்குப் பொட்டு வையுங்கள். ஆனால் காற்றுத் துளையை மாலையால் மூடாதீர்கள்.

கண்ணாடி இழையைப் பெரும்பாலும், அதாவது 85 விழுக்காடு, மின்கம்பங்கள் வழியாகவே கொண்டுசெல்வது நம் மாநிலத் திட்டம். ஆகவே நிழல் மரத்தைக் கவாத்து செய்யும்போது கிளை எந்தப் பக்கம் விழும் என்று பார்த்து வெட்டுங்கள். மேலும் ஒன்று: அந்தக் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி, செம்பு அன்று. அதை அறுத்து விற்க நினைப்பவனுக்கு ஒரு காசும் கிட்டாது. ஊருக்கு நட்டம், அவனுக்கு வழக்கு.

இனி, ‘சர்வர் வேலை செய்யவில்லை’ என்று யாரேனும் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். முதலாவது: அறையில் மின்சாரம் இருக்கிறதா, யு.பி.எஸ். விளக்கு எரிகிறதா? இரண்டாவது: ரூட்டரின் விளக்குகள் எரிகின்றனவா, கம்பிகள் செருகியபடி இருக்கின்றனவா? மூன்றாவது: வேறு இணையத் தளங்கள் திறக்கின்றனவா? நான்காவது: பக்கத்து ஊராட்சியில் இதே சேவை கிடைக்கிறதா? முதல் இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் கோளாறு நம் அறையில். எந்தத் தளமும் திறக்கவில்லை, ஆனால் பக்கத்து ஊரில் கிடைக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் நம் ஊருக்கு வரும் வழியில். எல்லாத் தளங்களும் திறந்து, இந்த ஒன்று மட்டும் எந்த ஊரிலும் திறக்கவில்லை என்றால்தான் தொலைவிலுள்ள சர்வர்மேல் ஐயுறவேண்டும்.

இந்த நான்கையும் கேட்டபின், நாளும் நேரமும் குறித்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஆண்டுக்கு 6 முறை கூடும் கிராம சபையில் அந்த நோட்டைப் படியுங்கள். ‘அடிக்கடி நிற்கிறது’ என்ற பொதுப் புகாரைத் தள்ளிவிடலாம். ‘இந்த மாதத்தில் 9 நாள் நின்றது, அதில் 6 நாள் பேட்டரி இல்லாமையால்’ என்ற புகாரைத் தள்ளிவிட எந்த அலுவலராலும் இயலாது, நாங்கள் உட்பட!

மலைப் பாதையில் நடந்து வரும் ஒரு பெரியவரை ‘நாளை வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புமுன், ஒருவராவது எழுந்து சென்று பிளக்கைப் பார்க்கவேண்டும். இன்று நாம் பேசியதில் அந்த ஒன்று மட்டும் உங்கள் நினைவில் நின்றாலும் எங்கள் பயணம் வீணாகவில்லை என்று கருதுவோம்.